நாகதாளி வளர்ப்போர் கேட்கிறார்கள்

கடற்கரைச் செடிகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, தட்டை மடல்களாக வளரும் நாகதாளிக்கு (சப்பாத்திக்கள்ளி) இரண்டே வரிதான் கொடுத்திருந்தோம். அது போதாது என்று வந்த கடிதங்களில் தெரிந்தெடுத்தவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வீட்டின் முன்பக்கம் மதிலோரமாக 12 அடி நீளத்தில் ஒரு துண்டு நிலம் வெறுமனே கிடக்கிறது. செம்மண். நல்ல வெயில். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. நாகதாளி வைக்கலாமா? எதை, எப்போது, எப்படி நட வேண்டும்?
– வாசகி, கோண்டாவில்

வைக்கலாம். ஆனால் எதை வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தீவுப்பகுதிகளிலும் கடற்கரைகளிலும் தானாக நிற்கும் நாகதாளிக்கு மஞ்சள் நிறத்தில் தடித்த முள், மஞ்சள் பூ, கத்தரிப்பூ நிறப் பழம். அதன் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். ஆட்கள் நடமாடும் முன்வாசலுக்கு அது வேண்டாம். வீடுகளில் அழகுக்கு வளர்க்கும் முள்ளில்லாத வகை ஒன்று உண்டு. அதன் பூ சிவப்பு. இதழ் விரியாது, மகரந்தத் தாள்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் இடத்துக்கு அதுதான் தோது. பழம் வேண்டுமென்றால் பெரிய மடலுள்ள, முள் மிகக் குறைந்த பழ இனத்தைத் தேடிப் பாருங்கள். முள் இல்லை என்று நம்பி எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். மடலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு கண்ணிலும் சுணை, அதாவது மயிர் போன்ற நுண்முள், இருக்கும்.

நடும் காலம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. மாரி ஓய்ந்திருக்கும், மண்ணுக்குள் ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும், வேர் பிடிப்பதற்கு எட்டு மாதம் கையில் இருக்கும். புரட்டாதியில் நட்டால் வேர் விடுமுன்னே மழை வந்து மடல் அழுகும்.

நிலமட்டத்தில் நடாதீர்கள். மதிலிலிருந்து இரண்டடி தள்ளி, மூன்றடி அகலத்தில், ஓரடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். கோண்டாவில் பக்கம் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது வளவுக்கு வளவு மாறும். கல் மேலாக இருக்கும் இடத்தில் பெருமழைக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த இடத்தில் மேடு இல்லாவிட்டால் செடியும் இல்லை. அடியில் நான்கு அங்குலத்துக்கு உடைத்த கல் பரப்புங்கள். அதற்கு மேல் ஒரு கடகம் செம்மண்ணுக்கு இரண்டு கடகம் கட்டட மணல், ஒரு கடகம் சல்லி அல்லது உடைத்த ஓட்டுத்துண்டு என்று கலந்து போடுங்கள். கூரைப் பீலித் தண்ணீர் மேட்டில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மண்ணிலுள்ள சுண்ணாம்பு இந்தச் செடிக்கு ஒரு தீங்கும் செய்யாது.

மடல் எடுக்கும்போது நுனியில் நிற்கும் இளம்பச்சைக் கொழுந்தை எடுக்க வேண்டாம். ஆறு மாதமாவது முற்றிய, அழுத்தினால் வளையாத மடலாக இருக்க வேண்டும். ஸ்பிரிற்றில் துடைத்த கூரான கத்தியால், வெயில் உள்ள காலையில், பொருத்தில் வெட்டுங்கள். மடலின் நடுவில் வெட்டினால் காயம் பெரிதாகும், ஆறவும் நாளாகும். வெட்டியதை நிழலில், காற்றோட்டமான இடத்தில், 10 முதல் 14 நாள் நிறுத்தி வையுங்கள். வெட்டு வாய் வெளிறி, காய்ந்து, தோலாகக் கெட்டியானதும் நடலாம். பலர் அவசரப்படுவது இங்கேதான். பச்சைக் காயத்தோடு மண்ணுக்குள் போன மடல் பத்தில் பாதி கூடத் தப்பாது.

மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனால் போதும். சாய்ந்தால் இரு பக்கமும் கல் வைத்து முட்டுக் கொடுங்கள். மூன்றடிக்கு ஒன்றாக உங்கள் 12 அடிக்கு நான்கு மடல் தாராளம். முதல் இரண்டு கிழமை மத்தியான வெயில் படாமல் ஒரு கிடுகைச் சாய்த்து வையுங்கள். நட்டு ஒரு கிழமைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. பிறகு பத்து நாளுக்கு ஒரு தடவை, செடிக்கு அரை லீற்றர், இரண்டு மாதம். ஒரு மாதம் கழித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாமல் இறுக்கமாக நின்றால் வேர் பிடித்துவிட்டது. சோளகம் வீசும் மாதங்களில் மூன்று கிழமைக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து வானம் தருவதோடு விட்டுவிடலாம். ஒவ்வொரு தையிலும் நன்றாக மக்கிய மாட்டெரு இரண்டு கை போடுங்கள். யூரியா போடவே வேண்டாம். மடல் நீர்கொண்டு கொழுத்து, தன் பாரம் தாங்காமல் பொருத்தில் முறியும்.

நாகதாளி எங்கள் மண்ணுக்கே உரிய செடி என்கிறார் என் அயலவர். அந்நியச் செடி என்கிறாள் பள்ளியில் படிக்கும் மகள். யார் சொல்வது சரி?
– வாசகர், ஊர்காவற்றுறை

மகள் சொல்வது சரி. கள்ளிக் குடும்பம் முழுவதற்கும் அமெரிக்கக் கண்டம்தான் தாயகம். இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. மரங்களில் தொற்றி, முள்ளில்லாத மெல்லிய தண்டுகளாகக் கீழே தொங்கும் றிப்சாலிஸ் என்ற செடி இலங்கையின் ஈரமான காடுகளிலும் ஆபிரிக்காவிலும் இயற்கையாகவே வளர்கிறது. ஆனால் அது யாழ்ப்பாணத்து வெயிலில் நிற்காது.

உங்கள் அயலவர் சதுரக்கள்ளியை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடும். அது இந்தப் பக்கத்துச் செடிதான். ஆனால் ஆமணக்குக் குடும்பம். கீறிப் பார்த்தால் தெரியும்: சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் வடியும், நாகதாளியில் நிறமில்லாத வழுவழுப்பான நீர்தான் கசியும். கீறுபவர் கண்ணைக் கவனிக்கவும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

அந்நியச் செடி என்பதற்காக ஒருவர் தன் வளவில் வைத்திருப்பது குற்றமாகாது. வளவைத் தாண்ட விடுவதுதான் பிழை. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் நாகதாளி இனமும் இருக்கிறது. தெற்கே புந்தல தேசியப் பூங்காவில் அது பெரிய தலையிடி. அவுஸ்திரேலியாவில் 1920களில் ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம் ஹெக்ரேயர் நிலத்தை மூடிக்கொண்டு, ஆர்ஜென்ரீனாவிலிருந்து அந்திப்பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. பழத்தைக் காகமும் மற்றப் பறவைகளும் தின்று விதையை எங்கும் போடும். முள்ளுள்ள இனத்தை வைத்திருப்பவர்கள் பழம் பழுத்ததும் பறித்துவிட வேண்டும்.

மூன்று வருடம் நன்றாக நின்ற செடி. மார்கழி மழைக்குப் பிறகு அடி மடல் கறுத்து, தொட்டால் கூழாகிறது, மணக்கிறது. காப்பாற்ற முடியுமா?
– வாசகர், கரவெட்டி

அடியைக் காப்பாற்ற முடியாது. மேலுள்ள மடல்களைக் காப்பாற்றலாம், ஆனால் இந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது. அப்போது மண்ணிலுள்ள காற்றுவெளியெல்லாம் நீரால் நிரம்ப, வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. செத்த வேர் வழியாகவோ, மண்வெட்டி பட்ட காயம் வழியாகவோ பற்றீரியாவும் பூஞ்சணமும் ஏறுகின்றன. மேலே செடி பச்சையாக நிற்பதால், அடி கூழாகும்வரை யாரும் கவனிப்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கறுப்பு முடிந்து நல்ல பச்சை தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் மேலே தள்ளி வெட்டுங்கள். வெட்டு முகத்தைப் பாருங்கள்: நடுவில் பழுப்புப் புள்ளியோ கோடோ தெரிந்தால் அழுகல் இன்னும் மேலே போயிருக்கிறது, மறுபடி மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிற்றால் துடையுங்கள், இல்லாவிட்டால் நோயை நீங்களே மேலே ஏற்றுவீர்கள். வெட்டு வாயில் அடுப்புச் சாம்பலோ கந்தகத் தூளோ தடவுங்கள். மழைக்காலக் காற்றில் காயம் ஆற மூன்று கிழமை செல்லும். பொறுத்திருந்து மாசியில் புது இடத்தில், மேட்டில் நடுங்கள். பழைய குழியில் வேண்டாம்.

ஒரு விஷயத்தை வேறு பிரித்துக்கொள்ளுங்கள். அடி மடல் பழுப்பாகி, ஆனால் கல்லாகக் கெட்டியாக, மரப்பட்டையாக மாறியிருந்தால் அது நோயல்ல. செடிக்கு வயதாகிறது, அவ்வளவுதான். அதை வெட்டித் தொலைத்தவர்களின் கடிதமும் வந்திருக்கிறது.

அடுத்த மாரிக்கு முன், ஆவணிக்குள், நிலத்தைத் தொடும் மடல்களைக் கழித்துவிடுங்கள். ஐந்து அடுக்குக்கு மேல் உயர விடாதீர்கள். ஈர மண்ணில் வாடைக்காற்று அடிக்கும்போது தலைப்பாரம் செடியை வேரோடு சாய்க்கும். மழை தொடங்கியபின் கத்தியே தொடக் கூடாது. சாடியில் நிற்பவற்றைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வையுங்கள், அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் வேரை அழுக வைப்பதோடு டெங்கு நுளம்பையும் வளர்க்கும்.

மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. நசுக்கினால் இரத்தம் மாதிரி வருகிறது. என்ன இது?
– வாசகி, மானிப்பாய்

கொச்சினீல் பூச்சி. பஞ்சுக்குள் உட்கார்ந்து மடலின் சாற்றை உறிஞ்சும் செதில்பூச்சி. அந்தச் சிவப்பு, எதிரிகளை விரட்ட அது தன் உடம்பில் சேர்த்து வைக்கும் சாயம். இந்தக் குடும்பத்துப் பூச்சி ஒன்றை 1795 இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது சாயத் தொழில்தான் நோக்கம். வந்தது தரமான சாயம் தரும் இனமல்ல, தொழில் படுத்தது. ஆனால் பூச்சி கள்ளிப் பற்றைகளைத் தின்று தீர்ப்பதைக் கண்டு பிறகு அதற்காகவே பரப்பினார்கள். எங்கள் நாகதாளியைத் தாக்கும் வேறு இனம் 1924 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, 1926 இல் இங்கிருந்து இந்தியாவுக்குப் போனது. ஆகவே வீட்டுச் செடியிலிருந்து அதை அகற்றுங்கள். கடற்கரைப் பற்றையில் கண்டால் அதன் பாட்டுக்கு விடுங்கள். அங்கே அது எங்கள் வேலையைத்தான் செய்கிறது.

குறைவாக இருந்தால் குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிற்றில் தோய்த்துத் துடையுங்கள். கூட இருந்தால் முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சிப் பஞ்சைக் கழற்ற வேண்டும். மருந்து மட்டும் தெளித்தால் மெழுகுப் பஞ்சில் வழிந்து ஓடிவிடும், பூச்சியில் படாது. பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பழைய பல்துலக்கியை நீளத் தடியில் கட்டித் தேயுங்கள். மாலையில் செய்யுங்கள், சவர்க்காரத்தோடு வெயில் பட்டால் மடல் எரியும். ஏழு நாளுக்கு ஒன்றாக மூன்று தடவை. அதற்கும் அடங்காத மடலை வெட்டிப் பொலித்தீன் பையில் கட்டிவிடுங்கள்.

செடி உயரமாகப் போகிறது, மடல் ஒடுங்கி நாக்கு மாதிரி நீள்கிறது. பூவே இல்லை.
– வாசகர், நல்லூர்

வெயில் போதாது. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமர நிழலில் வைத்துவிட்டுப் பூ கேட்பது நியாயமில்லை. இடத்தை மாற்றுங்கள், நீண்ட மடல்கள் அகலமாகத் திரும்பாது, வெட்டிவிட்டால் புதிதாக வருவது ஒழுங்காக வரும். வெயில் இருந்தும் பூக்காவிட்டால், செடிக்கு மூன்று வயது ஆகவில்லை, அல்லது எரு கூடிவிட்டது.

பேரப்பிள்ளை மடலைப் பிடித்துவிட்டான். கை முழுக்கச் சுணை. அரப்பும் உப்பும் தேய்த்தோம், இன்னும் கூடிவிட்டது.
– வாசகி, சாவகச்சேரி

தேய்த்ததால்தான் கூடியது. சுணையின் ஒவ்வொரு மயிரிலும் பின்னோக்கிய நுண்கொக்கிகள் உண்டு. தேய்க்கத் தேய்க்க உள்ளே போகும், மற்ற விரலுக்கும் பரவும். முதலில் நல்ல வெளிச்சத்தில் சாமணத்தால் கொத்துக்கொத்தாக இருப்பவற்றை எடுங்கள். மிச்சத்துக்கு, பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசி, அதன் மேல் மெல்லிய கோஸ் துணியை வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெதுவாக உரித்தெடுங்கள். பசை அவசரத்துக்கு இல்லையென்றால் ஒட்டும் ரேப் ஓரளவுக்கு உதவும். வாயால் கடித்து எடுக்கக் கூடாது. நாக்கில் ஏறினால் பெரும்பாடு. கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே ஆஸ்பத்திரி. உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

பழத்தைச் சாப்பிடலாமா? சலரோகத்துக்கு நல்லதென்கிறார்களே?
– வாசகர், சுழிபுரம்

சாப்பிடலாம். நன்றாகக் கறுத்துச் சிவந்த பழத்தைக் குறட்டால் பிடித்து முறுக்கி எடுங்கள். அடுப்பு நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுட்டால் சுணை கருகிவிடும். பிறகு தண்ணீருக்குள் வைத்துத் தூரிகையால் துடையுங்கள். இரு முனையையும் நறுக்கி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் தோல் கழன்றுவரும். விதை கல் மாதிரி. வடிகட்டிச் சாறாகக் குடிப்பதே நல்லது. விதையோடு நிறையத் தின்றால் மலம் இறுகி அவதிப்பட நேரும். மறுநாள் சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம், பழத்தின் நிறம்தான். மண்சட்டியில் தேசிக்காய்ப் புளியும் சீனியும் சேர்த்துச் சர்பத் காய்ச்சலாம். அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது.

சலரோகம் பற்றி: மெக்சிக்கோவில் பழ இனத்தின் இளம் மடலைக் கறியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதைச் சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று சில சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது மடலுக்கு, இனிப்பான பழத்துக்கல்ல. குளிசை எடுப்பவர்கள் மடலைத் தினமும் சாப்பிடத் தொடங்குவதற்கு முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணரின் வளவு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பாதி வளவு முள் நாகதாளிப் பற்றை. பெக்கோ பிடித்து ஒரே நாளில் தள்ளிவிடலாமா?
– வாசகர், பருத்தித்துறை

தள்ளினால் ஒரு பற்றை நூறாகும். இயந்திரம் மடலை நொறுக்கி வளவு முழுக்க இழுத்துப் போகும். ஒரு கண் உள்ள துண்டு ஒவ்வொன்றும் மழைக்கு வேர் விடும். கையால் வெட்டுவதுதான் வழி. காணி முன்பு இராணுவத்தின் கையில் இருந்து விடுபட்டதென்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டதை உறுதி செய்யாமல் மண்வெட்டியே வைக்க வேண்டாம்.

வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையே, மண் காய்ந்திருக்கும்போது தொடங்குங்கள். தடித்த அடியுள்ள சப்பாத்து, கண்ணாடி, தோல் கையுறை கட்டாயம். துணிக் கையுறையில் சுணை ஏறினால் கையுறையையே எறிய வேண்டிவரும். பற்றைக்குள் பாம்பு இருக்கும், தடியால் தட்டிக் கலைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெளி ஓரத்திலிருந்து உள்ளே போங்கள். கொக்கைத்தடியால் மடலை இழுத்துப் பிடித்து, ஒருவர் வெட்ட, மற்றவர் குறட்டால் எடுத்துத் தறப்பாளில் போட வேண்டும். கடைசியில் அடிக்கட்டையை அரையடி ஆழம் வரை வேரோடு கிண்டி எடுங்கள். அதற்குக் கீழேயுள்ள வெறும் வேர் பொதுவாகத் தளிர்ப்பதில்லை.

வெட்டியதை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. தெருவோரத்திலும் கடற்கரையிலும் கொட்டுவது அடுத்தவன் வளவில் நட்டுவிடுவதற்குச் சமம். பச்சை மடல் எரியாது. மண் ஆழமுள்ள இடத்தில் மூன்றடிக் குழி வெட்டி, மேலே இரண்டடி மண் மூடினால் மக்கிவிடும். கல்லுத்தரையென்றால், தடித்த கறுப்புப் பொலித்தீனால் குவியலை முழுவதும் மூடி, ஓரங்களில் கல் வைத்து, வெயிலில் இரண்டு மூன்று மாதம் விடுங்கள். கூழாகிக் காய்ந்த பின் எரிக்கலாம். வெறுமனே வெளியில் குவித்தால் மேல் மடல் காய, அடி மடல் வேர் விடும். அடுத்த ஓராண்டுக்கு மாதம் ஒரு தடவை வளவைச் சுற்றிப் பார்த்து, துளிர்த்த துண்டுகளைப் பொறுக்குங்கள். விதை முளைப்பது அதற்கப்புறமும் சில வருடம் நடக்கும். ஆனால் நாற்றைப் பிடுங்குவது சின்ன வேலை.

கனடாவில் எங்கள் வீட்டு முன்றிலில் ஊர் ஞாபகத்துக்கு நாகதாளி வைக்க ஆசை. ஊரிலிருந்து மடல் கொண்டுவந்தால் பனியில் தப்புமா?
– வாசகி, ஸ்காபரோ, ரொறன்ரோ

தப்பாது. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகவும் முடியாது. ஆனால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, எங்களுக்கு இல்லாதது: ஒன்ராறியோவில் இயற்கையாகவே வளரும் நாகதாளி இனம் ஒன்று உண்டு. பொயின்ற் பீலி தேசியப் பூங்காவிலும் பீலித் தீவிலும் மணலில் படர்ந்து நிற்கிறது. ஓரடிக்கு மேல் உயராது, ஆனியில் மஞ்சளாகப் பூக்கும். அழியும் நிலையிலுள்ள இனமாகச் சட்டத்தால் காக்கப்படுவதால் காட்டிலிருந்து ஒரு மடலும் எடுக்கக் கூடாது. உள்ளூர்த் தாவரங்கள் வளர்த்து விற்கும் நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்குங்கள்.

தெற்கு நோக்கிய, புல் வராத இடமாகப் பாருங்கள். முள்ளுக்குள் புல் முளைத்தால் பிடுங்குவது நரகம். மண்ணை ஓரடி ஆழம் தோண்டி, பாதிக்குப் பாதி பருமணலும் சிறு கூழாங்கல்லும் கலந்து மேடாக்குங்கள். மேலே மரப்பட்டைத் தூள் போடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், கூழாங்கல்லே பரப்புங்கள். வைகாசி நடுவில், உறைபனி ஓய்ந்த பின் நடுங்கள். ஐப்பசி முதல் தண்ணீர் வேண்டாம். குளிர் வரும்போது செடி தன் நீரை வெளியேற்றிச் சுருங்கி, கத்தரிப்பூ நிறமாகி, தரையோடு படுத்துவிடும். நீர் குறைந்த மடலுக்குள் பனிக்கட்டி உறைந்து கிழிக்காமலிருக்க அது செய்யும் ஏற்பாடு. செத்துவிட்டதென்று பங்குனியில் பிடுங்கி எறிபவர்கள் பலர். வைகாசி கடைசி வரை விட்டுவைத்து, அப்போதும் நிமிராமல் கூழாக இருக்கும் மடலை மட்டும் வெட்டுங்கள்.